ஒரு கைப்பிடி சருகு, ஒரு குண்டு பல்பு: மண்ணுக்குள் வாழும் குட்டிக் கணுக்காலிகளைப் பள்ளி நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி?

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் செம்மண் தரையில் சிவப்பு வெல்வெட் பொட்டு ஒன்று ஊர்ந்து போகும். பட்டுப்பூச்சி என்று அதைப் பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொண்ட தலைமுறை என்னுடையது. சில ஊர்களில் தம்பலப்பூச்சி என்பார்கள். சங்கப் பாடல்களில் மூதாய். பேர் இத்தனை வைத்தோமே தவிர, அதன் காலை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணினால் எட்டு வரும். பூச்சிக்கு ஆறு கால்தான். ஆக, பட்டுப்பூச்சி பூச்சியே இல்லை. சிலந்திக்கும் தேளுக்கும் பங்காளி. ஆங்கிலத்தில் மைட் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. வெண்டை இலைக்கு அடியில் ஒட்டிக்கிடந்து சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேனும் அதே கூட்டம்தான்.

பிளஸ் ஒன் விலங்கியல் வகுப்பில் கணுக்காலிகள் பாடத்தை நான் இந்தப் பட்டுப்பூச்சியில்தான் தொடங்குவேன். கரப்பான் பூச்சியில் தொடங்கினால் பாதி வகுப்பு முகத்தைச் சுளிக்கும். பட்டுப்பூச்சி என்றால் எல்லோருக்கும் ஒரு கதை இருக்கும். கதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்று சொல்வேன்: “நீங்கள் பார்த்தது அந்தக் குடும்பத்தின் ராட்சசன். மற்றவர்களில் பலர் அரை மில்லிமீட்டர்கூட இருக்க மாட்டார்கள். நம் பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியிலேயே இருக்கிறார்கள். பிடிப்போமா?”

பிடிப்பது எப்படி, பார்ப்பது எப்படி, பார்த்ததை வைத்து என்ன சொல்லலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை. பெரிய ஆய்வகம் வேண்டாம். அந்த உயிரின் பெயர்கூடத் தெரிய வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் தெரியாதே என்று பயந்துதான் பல ஆசிரியர்கள் இந்தப் பக்கமே வருவதில்லை.

யார் இவர்கள்?

மண் என்றதும் கெட்டியான ஒரு பொருளாகத்தான் மனத்தில் படுகிறது. உண்மையில் நல்ல மண்ணின் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். மண் துகள்களுக்கு நடுவே காற்றும் நீரும் இருக்கும் சந்துகள். மண்புழு தனக்கான வழியைத் தானே துளைத்துக்கொள்ளும், சொந்த வீடு கட்டிக் குடிபோகிறவரைப் போல. நாம் பார்க்கப் போகிறவை வாடகைக்குக் குடியிருப்பவை. ஏற்கெனவே இருக்கும் சந்தில் நுழைந்து வாழும், புதிதாகத் தோண்டாது. அதனால் சந்து எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் உடம்பு: பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை. மண்ணை மிதித்து இறுக்கினால் முதலில் காலியாவது இந்தக் குடித்தனங்கள்தான்.

நல்ல காட்டு மண்ணில் ஒரு சதுர மீட்டருக்குள் இப்படிப் பல பத்தாயிரம் உயிர்கள் இருக்கும். மைட்டுகளும், ஸ்பிரிங்டெயில் என்கிற துள்ளும் உயிர்களும்தான் அவற்றில் பெரும்பான்மை. விழுந்த சருகைக் கடித்துத் துண்டாக்குவது, சருகில் படரும் பூஞ்சை இழைகளை மேய்வது, ஒன்றையொன்று வேட்டையாடுவது என்று அவரவருக்கு ஒரு வேலை இருக்கிறது. சருகை மட்கச் செய்வது பாக்டீரியாவும் பூஞ்சையும் என்று படித்திருப்பீர்கள். சரிதான். ஆனால் ஒரு முழு இலையைவிட நூறு துண்டாக நொறுங்கிய இலையில்தான் பூஞ்சை சீக்கிரம் பரவும். அந்த நொறுக்கும் வேலையில் இவர்களுக்கும் பங்கு உண்டு.

தப்பி ஓட விடுவதே பிடிக்கும் வழி

அரை மில்லிமீட்டர் உயிரைச் சருகுக் குவியலில் இடுக்கி வைத்துத் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுகிற கதை. 1905-இல் இத்தாலியப் பூச்சியியலாளர் அந்தோனியோ பெர்லேசே ஒரு வழி கண்டுபிடித்தார். தேடிப் போகாமல், அவற்றையே ஓடிவர வைத்தார். ஒரு புனலில் வலை வைத்து அதன்மேல் மண்ணைப் பரப்பி, புனலைச் சுற்றி வெந்நீர் வைத்துச் சூடாக்கினார். சூடும் வறட்சியும் பொறுக்காமல் உயிர்கள் இறங்கி, வலை வழியாகக் கீழே இருந்த குப்பிக்குள் விழுந்தன. 1918-இல் சுவீடன்காரர் ஆல்பெர்ட் டுல்கிரென் வெந்நீரை எடுத்துவிட்டு மேலே ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டார். இரண்டு பேர் பெயரையும் சேர்த்துப் பெர்லேசே–டுல்கிரென் புனல் என்கிறார்கள். நூறு வருடம் தாண்டியும் மண் ஆய்வகங்களில் ஏறக்குறைய இதே சாதனம்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலில் இதைச் செய்துவிடலாம். மேலே மூன்றில் ஒரு பங்கை வெட்டுங்கள். வெட்டிய பகுதியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பகுதியில் செருகினால் புனல் தயார். பூண்டு கட்டித் தரும் பிளாஸ்டிக் வலைப்பையை இரண்டாக மடித்துப் புனலுக்குள் வையுங்கள். அதன்மேல் ஒரு பெரிய கைப்பிடி சருகும், சருகுக்கு அடியிலிருந்து எடுத்த மேல்மண்ணும். மண்ணைக் கட்டியாகவே எடுத்திருந்தால் தலைகீழாகப் போடுங்கள்: மேல்பக்கம் கீழே இருக்கட்டும். காரணம் எளிது. மேலே வரவரச் சந்துகள் அகலம். வந்த வழியே வெளியேறப் பார்க்கும் உயிருக்கு வாசல் வலைப்பக்கம் இருக்க வேண்டும். அடியில் ஒரு சிறு கிண்ணத்தில் விரல் கனத்துக்கு ஸ்பிரிட். மேலே ஓரடிக்குள் பல்பு.

எந்தப் பல்பு என்பதில்தான் முதல் வருஷம் எனக்குச் சறுக்கியது. லேபில் இருந்த 9 வாட் எல்இடி பல்பை மாட்டிவிட்டுப் பெருமையோடு வீட்டுக்குப் போனேன். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தால் மேல்மண் இன்னும் ஈரமாக இருக்கிறது. கிண்ணத்தில் ஒரே ஒரு எறும்பு. எல்இடியில் வெளிச்சம் வரும், ஆனால் சூடு பல்பின் கழுத்துப் பக்கம் தங்கிவிடும். கீழ்நோக்கி வருவது மிகக் குறைவு. பழைய குண்டு பல்புக்கு மின்சாரத்தை வெளிச்சமாக்குவதைவிடச் சூடாக்குவதுதான் பிரதான வேலை. அந்தக் குறைதான் நமக்கு வேண்டியது. எலெக்ட்ரிக்கல் கடையில் போய் 25 வாட் குண்டு பல்பு கேட்டேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து தூசி தட்டி எடுத்துக்கொண்டே, “கோழிக்குஞ்சுக்கா சார்?” என்றார். “இல்லைங்க, பள்ளிக்கூடத்துக்கு” என்றேன். அவர் நம்பினதாகத் தெரியவில்லை.

சூடு கூடினால் நல்லது என்று நினைத்து 100 வாட் மாட்டுவதும் தப்பு. மேலே காய்ந்து கீழே ஈரம், மேலே வெளிச்சம் கீழே இருட்டு என்ற அந்த வித்தியாசம்தான் உயிர்களை நடத்திக்கொண்டு போகிறது. மெதுவாக நடக்கும் மைட்டுகளுக்கு அரை அங்குல மண்ணைக் கடப்பதே பெரும் பயணம். அவசரப்பட்டுக் காயவைத்தால் பாதி வழியில் உயிர் போய்விடும். மொட்டை மாடி வெயிலில் வைக்கலாமா என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். வெயில் பாட்டிலை எல்லாப் பக்கமும் சுடும். தப்பி ஓட ஒரு திசையே இருக்காது. நான்கு, ஐந்து நாள் பொறுமையாக வைத்திருங்கள்.

ஸ்பிரிட் தீப்பிடிக்கும் பொருள். பல்பு சுடும். இரண்டையும் ஒரே சாதனத்தில் வைக்கிறோம் என்பதை மறக்க வேண்டாம்: பாட்டில் சாயாமல் செங்கல் முட்டுக் கொடுங்கள், ராத்திரி அணைத்துவிடுங்கள், காலையில் மறுபடி போடுங்கள். ஒருநாள் கூடும், அவ்வளவுதான். சருகு அள்ளும்போது வெறுங்கையை விடாமல் குச்சியால் கிளறிவிட்டு, பழைய கரண்டியால் அள்ளுங்கள். நாம் தேடிப் போவது பொடிசுகளைத்தான்; பூரானும் தேளும் அதே சருகில்தான் இருக்கும்.

ஒரு பாட்டிலில் மட்டும் ஸ்பிரிட்டுக்குப் பதிலாக ஈரமான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தளம் போட்டு வையுங்கள். ஒன்பது பங்கு பிளாஸ்டருக்கு ஒரு பங்கு கரித்தூள் கலந்தால் தரை கறுப்பாகும். வெள்ளை உயிர்கள் பளிச்சென்று தெரியும். உயிரோடு பார்க்க வேண்டியவை இதில் விழட்டும்.

நுண்ணோக்கியோடு ஒரு மல்லுக்கட்டு

நம் பள்ளிகளில் இருப்பது பெரும்பாலும் கூட்டு நுண்ணோக்கி. வெங்காயத் தோலைப் பார்க்கச் செய்த கருவி அது: கீழிருந்து வெளிச்சம் வந்து, மெல்லிய பொருளை ஊடுருவிக் கண்ணுக்கு வரும். மண் உயிர்கள் வெங்காயத் தோல் இல்லை. ஓரிபாட்டிட் என்று ஒரு வகை மைட் இருக்கிறது. வண்டு மாதிரி பழுப்பு ஓடு போர்த்தியிருக்கும். அதை ஸ்லைடில் வைத்துக் கண்ணாடியைத் திருப்பி வெளிச்சம் பாய்ச்சினால் ஒரு கறுப்புப் பொட்டுதான் தெரியும், விளிம்பில் நாலைந்து கால் நீட்டிக்கொண்டு. “சார், மிளகு மாதிரி இருக்கு” என்பார்கள்.

கீழ் வெளிச்சத்தை மறைத்துவிடுங்கள். ஒரு துண்டு வெள்ளைத் தாளை ஸ்லைடுக்கு அடியில் வையுங்கள். செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்வாகப் பிடியுங்கள். மிளகு சட்டென்று விலங்காகிவிடும்: ஓட்டின் பளபளப்பு, முதுகில் நிற்கும் மயிர்கள், கணுக்கணுவான கால்கள். மேலிருந்து வெளிச்சம் போட்டுப் பார்க்கும் டிசெக்டிங் மைக்ரோஸ்கோப் வாங்கப் பணம் இல்லாத பள்ளிக்கு இந்த டார்ச் ஒன்று போதும்.

அடுத்த சிக்கல், ஆசை. நுண்ணோக்கி கையில் கிடைத்ததும் எல்லோரும் பெரிய லென்ஸுக்குத்தான் போவார்கள். 10 மடங்கு கண்ணருகு லென்ஸோடு 4 மடங்கு பொருளருகு லென்ஸைப் போட்டால் மொத்தம் 40 மடங்கு. கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அகலம் ஏறக்குறைய 4.5 மில்லிமீட்டர். 10 மடங்கு லென்ஸுக்கு மாறினால் மொத்தம் 100 மடங்கு, வட்டம் 1.8 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். 400 மடங்கில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. 2 மில்லிமீட்டர் நீளமுள்ள உயிரை 100 மடங்கில் பார்த்தால் ஒரே பார்வையில் தலையும் வாலும் தெரியாது. 400-இல் ஏதோ ஒரு மயிர் தெரியும். அது யாருடைய மயிர் என்று தெரியாது. எதையும் முதலில் 40-இல் பாருங்கள். வட்டத்தின் அகலத்தை நீங்களே அளக்க வேண்டுமானால், ஸ்லைடுக்குப் பதிலாக ஒரு கண்ணாடி ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் கோடுகளை எண்ணினால் போயிற்று. அந்த அகலத்தில் பாதி இருந்தால் இத்தனை மில்லிமீட்டர், கால்வாசி இருந்தால் இத்தனை என்று உயிரின் நீளத்தையும் சொல்லிவிடலாம்.

ஸ்டான்ஃபோர்டில் மனு பிரகாஷ் குழுவினர் 2014-இல் வெளியிட்ட ஃபோல்டுஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி சில பள்ளிகளுக்கு வந்திருக்கும். 140 மடங்கு பெரிதாக்கும். மெல்லிய, ஒளி ஊடுருவும் உயிருக்கு அது அருமை; மிளகு மைட்டுக்கு உதவாது. ஓடு தடித்தவற்றை லாக்டிக் அமிலத்தில் சில நாள் ஊறவைத்தால் உள்ளே வெளிச்சம் புகும் அளவுக்குத் தெளியும். அமிலம் என்பதால் அதை ஆசிரியரே செய்யட்டும்.

எடுத்து வைக்க இடுக்கி வேண்டாம், நசுங்கிவிடும். ஜீரோ நம்பர் பெயிண்ட் பிரஷை நனைத்துத் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். குழிவான ஸ்லைடில் ஒரு சொட்டுக் கிளிசரின் விட்டு அதில் வையுங்கள். இன்னொன்று: ஸ்லைடை வலப்பக்கம் தள்ளினால் படம் இடப்பக்கம் போகும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு முதல் பத்து நிமிடம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது என் சின்ன சந்தோஷம்.

கால் எண்ணும் கணக்கு

இப்போது ஒரே கேள்வி: எத்தனை ஜோடிக் கால்?

நான்கு ஜோடி என்றால் மைட் அல்லது சிலந்தி. நான்கு ஜோடிக்கு முன்னால் தேள் மாதிரி இரண்டு கொடுக்கு நீட்டிக்கொண்டு, ஆனால் வாலும் விஷக் கொடுக்கும் இல்லாமல் இருந்தால் பொய்த்தேள். பழைய புத்தகங்களுக்கு நடுவிலும் சில சமயம் ஓடும், கடிக்காது. ஏழு ஜோடி என்றால் நண்டு, இறாலுக்கு உறவான ஒரு நிலவாசி. பூந்தொட்டியைத் தூக்கினால் சாம்பல் நிறத்தில் ஓடுமே, சில வகை உருண்டையாகச் சுருண்டுகொள்ளுமே, அது. பன்னிரண்டு ஜோடி, வெள்ளை, அவசர நடை என்றால் பூரானுக்கு உறவான சிம்ஃபைலா. பூரானுக்கு 15 ஜோடி முதல் மேலே போகும். வளர்ந்த பூரானில் ஜோடிகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாகவே இருக்கும், அதனால் சரியாக நூறு கால் கொண்ட பூரானைப் பார்க்கவே முடியாது. மரவட்டை என்றால் உடம்பின் பெரும்பாலான வளையங்களில் இரண்டிரண்டு ஜோடி.

ஒன்பது ஜோடி வந்தால் கொண்டாடுங்கள். அது பாரோபோடா. ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். 1866-இல் இங்கிலாந்தில் ஜான் லப்பக் என்பவர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இதை முதன்முதலாகக் கண்டுபிடித்தார். தொழில் வங்கி; பக்கத்து வீட்டுக்காரர் சார்ல்ஸ் டார்வின். 1871-இல் இங்கிலாந்தில் வங்கி விடுமுறைச் சட்டம் வந்ததும் இவர் முயற்சியால்தான். ஊருக்கெல்லாம் லீவு வாங்கிக் கொடுத்த மனிதர், தன் லீவில் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார் என்று வகுப்பில் சொல்வேன்.

மூன்று ஜோடிதான் குழப்பம். எறும்பு, வண்டு, கறையான் எல்லாம் பூச்சிகள், சந்தேகமில்லை. ஆனால் மூன்று ஜோடி இருந்தும் பூச்சியாக இல்லாதவை சில உண்டு. அவற்றுக்குப் போகுமுன் ஒரு சம்பவம்.

ஒருமுறை ஒரு மாணவி மைட் படத்தை ஆறு காலோடு வரைந்து கொண்டுவந்தாள். சிவப்பு மையில் “கால் 8” என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் கழித்து, “சார், நீங்களே வந்து எண்ணிப் பாருங்க” என்று நின்றாள். போய்ப் பார்த்தேன். வட்ட உடம்பு, மைட்டேதான். கால் ஆறு. திருப்பித் திருப்பி ஃபோகஸ் செய்து பார்த்தும் ஆறு. அப்புறம்தான் உறைத்தது: மைட்டின் குஞ்சு முட்டையிலிருந்து வரும்போது மூன்று ஜோடிக் காலோடுதான் வரும், தோல் உரித்து அடுத்த பருவத்துக்குப் போகும்போதுதான் நான்காவது ஜோடி முளைக்கும். புத்தகத்தில் படித்துத் தேர்வில் எழுதியும் இருக்கிறேன். கண்ணெதிரே வந்தபோது தெரியவில்லை. சிவப்பு மையை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். போனில் போட்டோ எடுத்துக்கொண்டு ஓடுவதை நான் அனுமதிக்காததற்கு இதுதான் காரணம். போட்டோ எடுக்கிறவர்கள் காலை எண்ணுவதில்லை. பென்சிலால் வரைகிறவர்கள் எண்ணியே ஆக வேண்டும்.

துள்ளுவால்

ஸ்பிரிங்டெயிலுக்குத் தமிழில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இல்லாததால், எங்கள் வகுப்பில் துள்ளுவால் என்று வைத்துக்கொண்டோம். ஆறு கால், இரண்டு உணர்கொம்பு; பார்த்தால் பூச்சிதான். பழைய பாடநூல்களில் இறக்கையில்லாப் பூச்சிகளோடுதான் சேர்த்திருப்பார்கள். இப்போது பிரித்துவிட்டார்கள். பூச்சிக்கு வாயுறுப்புகள் வெளியே தெரியும். துள்ளுவாலுக்குத் தலைக்குள் ஒரு பைக்குள் அடங்கியிருக்கும். பூச்சியின் வயிற்றில் அடிப்படையாக 11 கண்டங்கள், அதாவது வளையங்கள்; இதற்கு ஆறே ஆறு. பெரும்பாலான பூச்சிகள் வளர்ந்து முடிந்ததும் தோலுரிப்பதை நிறுத்திவிடும். துள்ளுவால் சாகும்வரை உரித்துக்கொண்டே இருக்கும்.

ஸ்பிரிட்டில் விழுந்த ஒன்றைப் பக்கவாட்டில் திருப்பிப் பாருங்கள். வயிற்றின் நான்காவது கண்டத்திலிருந்து கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்த ஓர் உறுப்பு கிளம்பும். உயிரோடு இருக்கும்போது அது வயிற்றுக்கு அடியில் முன்னோக்கி மடிந்து, மூன்றாவது கண்டத்தில் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியில் மாட்டியிருக்கும். எலிப்பொறியின் கம்பியை இழுத்து மாட்டி வைத்த மாதிரி. ஆபத்து என்றதும் கொக்கி விடும், கவட்டை தரையை அடிக்கும், ஆள் காற்றில். எங்கே இறங்குவோம் என்ற திட்டமெல்லாம் பெரும்பாலும் கிடையாது. இருந்த இடத்தில் இல்லாமல் போனால் சரி. உருண்டை வடிவத் துள்ளுவால் ஒன்றை 2024-இல் அதிவேகக் கேமராவில் எடுத்தபோது, நொடிக்கு 368 சுற்று வேகம் வரை காற்றில் குட்டிக்கரணம் போட்டது தெரிந்தது.

இன்னொரு விசித்திரம் வயிற்றின் முதல் கண்டத்துக்கு அடியில்: ஒரு குட்டையான குழாய். ஈரத் தரையில் அதை ஊன்றி நீரை உறிஞ்சிக்கொள்ளும், வழுக்கும் இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். கொல்லெம்போலா என்ற அறிவியல் பெயரில் முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் பசை என்று பொருள்; பெயரைச் சூட்டியவர் அதே வங்கிக்காரர் லப்பக்தான். ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊர்ப் பாறையில் கிடைத்த துள்ளுவால் புதைபடிவத்துக்கு வயது 40 கோடி ஆண்டுகள். அதே பாறையில் மைட்டும் கிடைத்திருக்கிறது. டைனோசர் வந்து போனதெல்லாம் இவர்களுக்கு நேற்று நடந்தது.

உடம்பே விலாசம்

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கிண்ணத்தில் விழுந்த துள்ளுவால்களை வரிசையாக வையுங்கள். ஒன்று 2, 3 மில்லிமீட்டர் இருக்கும். உடம்பில் நிறம், மயிரோ செதிலோ உண்டு, நீண்ட உணர்கொம்பு, தலையின் இருபுறமும் கறுப்புக் கண்திட்டு, நீளக் கவட்டை. இன்னொன்று ஒரு மில்லிமீட்டர். வெள்ளை வெளேர் என்று இருக்கும், குட்டைக் கால், குட்டைக் கொம்பு, கண் கிடையாது, கவட்டையும் கிடையாது. எது எங்கே குடியிருந்தது?

பெயர் தெரியாமலே மாணவர்கள் சொல்லிவிடுவார்கள். சருகின்மேல் வெயில் படும். நிறம் ஒரு குடை. எதிரி தூரத்திலேயே வருவான். கண்ணும் கவட்டையும் வேண்டும். மண்ணுக்குள் பத்து சென்டிமீட்டர் இறங்கினால் இருட்டு. கண்ணுக்கு வேலை இல்லை. ஊசி நுழையும் சந்தில் துள்ளினால் தலைதான் இடிபடும். நீளமான கொம்பு இண்டு இடுக்கில் சிக்கும். வேண்டாத சாமானையெல்லாம் தலைமுறை தலைமுறையாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கீழே குடிபோயிருக்கிறது.

வேறு வேறு வம்சங்கள் தனித்தனியே கீழே இறங்கி, கிட்டத்தட்ட ஒரே கோலத்துக்கு வந்து சேர்ந்திருப்பதுதான் ஆச்சரியம். புரோட்டூரா என்ற உயிருக்குக் கண்ணும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. முதல் ஜோடிக் காலைத் தூக்கிப் பிடித்துக் கொம்பு மாதிரித் தடவிக்கொண்டு நான்கே காலில் நடக்கும். வெளிறிய, 2 மில்லிமீட்டருக்கும் குறைவான உடம்பு. இத்தாலியில் பிலிப்போ சில்வெஸ்த்ரி 1907-இல் விவரிக்கும்வரை இப்படி ஒரு கூட்டம் இருப்பதே அறிவியலுக்குத் தெரியாது. மரவட்டையிலும் இதே கதை. மேற்கு ஆஸ்திரேலியாவில் 60 மீட்டர் ஆழத்துத் துளைக் குழியில் கிடைத்த ஒரு மரவட்டைக்கு 1,306 கால்கள் என்று 2021-இல் அறிவித்தார்கள். உண்மையாகவே ஆயிரம் காலைத் தாண்டிய முதல் மரவட்டை அது. அதற்கும் கண் இல்லை, நிறம் இல்லை.

இந்தக் கோலத்தை வைத்தே மண்ணுக்கு மதிப்பெண் போடலாம் என்று இத்தாலியில் பார்மாவைச் சேர்ந்த விட்டோரியோ பாரிசி 2001-இல் ஒரு முறையை வெளியிட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 1 முதல் 20 வரை மதிப்பெண். முழுக்க மண்ணுக்குள் வாழ்வதற்கு மாறியது என்றால் 20. மேலே திரிவது என்றால் 1. மைட், புரோட்டூரா, சிம்ஃபைலா, பாரோபோடா, பொய்த்தேள் எல்லாவற்றுக்கும் 20. எறும்புக்கு 5. துள்ளுவால் கண், நிறம், கவட்டையைப் பொறுத்து 1-லிருந்து 20 வரை எதுவும் வாங்கும். ஒரு கூட்டத்தில் பல வடிவங்கள் இருந்தால் அதிகபட்ச மதிப்பெண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். எத்தனை உயிர் என்பது கணக்கில் வராது. எத்தனை விதம் என்பதுதான் கணக்கு.

ஒரு கிண்ணத்தில் மைட் 20, சிம்ஃபைலா 20, கண்ணில்லாத வெள்ளைத் துள்ளுவால் 20, எறும்பு 5 இருந்தால் 65. இன்னொன்றில் எறும்பும் மைட்டும் மட்டும் என்றால் 25. கண்ணில்லாத ஜீவனுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? மேலே திரியும் துள்ளுவால் இந்த மண் கெட்டால் துள்ளி அடுத்த இடத்துக்குப் போகும். சரியானால் திரும்பி வரும். ஆழத்தில் இருப்பதற்குப் பறக்கவும் வராது, துள்ளவும் வராது, வெளியே வந்தால் காய்ந்து செத்துவிடும். உழுது புரட்டியோ மிதித்து இறுக்கியோ ஒருமுறை அழித்துவிட்டால் அது திரும்பி வர வெகுகாலம் பிடிக்கும். ஆகவே அது இருக்கிறது என்றாலே அந்த மண் நெடுங்காலம் நிம்மதியாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்கள் பள்ளியில் இரண்டு இடம் எடுப்போம். ஒன்று சுற்றுச்சுவர் ஓரத்துப் புங்கமரத்தடி. யாரும் பெருக்காத மூலை. இன்னொன்று தினமும் அசெம்பிளி நிற்கும் மைதானம். முடிவை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றில் மட்டும் கவனம்: இந்த மதிப்பெண்கள் இத்தாலிய மண்ணைப் பார்த்துப் போட்டவை. நம்மூர்ச் சித்திரை வெயிலில் மேல்மண் உமியாகக் காய்ந்து கிடக்கும்போது எந்த மரத்தடியும் தோற்கும். ஒரே நாளில், ஒரே அளவு மண் எடுத்த இரண்டு இடங்களை ஒப்பிடுங்கள். இத்தாலியோடு ஒப்பிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுப்பதுதான் உத்தமம்.

புனலில் வேலை முடிந்த சருகையும் மண்ணையும் குப்பைத்தொட்டியில் போட விடமாட்டேன். புனலால் நடக்கத் தெரிந்தவற்றைத்தான் இறக்க முடியும். முட்டைகளுக்குக் கால் இல்லை. காய்ந்த மண்ணிலும் சில தாக்குப்பிடித்துக் கிடக்கக்கூடும். எடுத்த இடத்திலேயே திரும்பக் கொட்டி, மேலே ஒரு குடம் தண்ணீர் தெளித்துவிட்டு வருவோம். போன முறை அந்த வேலையை ஏற்றுக்கொண்ட பையன், மறுவாரமே அங்கே போய்க் கிளறிப் பார்த்துவிட்டு வந்து, “இன்னும் ஒண்ணும் வரல சார்” என்றான்.